குனியப் பயப்படும் முதுகு

கேள்வி: என் அக்காவுக்கு 43 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ்முதுகில் எல்4–எல்5 எலும்புகளுக்கு இடையே டிஸ்க் (ஜவ்வு) பிதுங்கியிருப்பதாகவும், கழுத்தில் தேய்மானம் இருப்பதாகவும் வந்தது. கடும் வலி இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. ஆனால் இன்றுவரை குனிவதே இல்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறார். பெல்ட் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். என் எட்டு மாதக் குழந்தையை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. தினமும் கொஞ்சம் வலி இருக்கிறது என்கிறார். இது உண்மையிலேயே முதுகுக் கோளாறா, வெறும் பயமா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

'வெறும் பயம்' என்ற சொல் அக்காவின் காதில் விழவே கூடாது. அவருடைய வலி உண்மை, பயமும் உண்மை. கேனைத் தூக்கிய நொடியில் இடுப்பு பிடித்து, நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சமையலறையில் நின்ற ஒருவருக்கு மறுபடி குனியப் பயம் வராவிட்டால்தான் வியப்பு. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். அடுப்பு அணைந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது என்று அந்தப் பூனைக்கு யாரும் காட்டவில்லை என்பதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதுகுவலியோடு வருகிறவர்களில் வலியால் முடங்கியவர்களைவிட, வலி வந்துவிடுமோ என்று முடங்கியவர்களைக் கண்டுதான் எனக்கு அதிகம் மனம் கனத்திருக்கிறது. ஏனென்றால் அவர்களில் பலரை மீட்டிருக்க முடியும், அதுவும் எளிதாக, முதல் மாதத்திலேயே யாராவது சரியான இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால்.

மேலே போவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீர், மலம் போவதில் திடீரென்று கட்டுப்பாடு தவறுவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் அல்லது கையின் பலம் நாளுக்கு நாள் குறைவது, நடை தள்ளாடுவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டபின் வந்த வலி, படுத்தாலும் குறையாமல் இரவில் கூடும் வலி. இவற்றில் எது இருந்தாலும் நான் கீழே எழுதுவதை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டும் அன்றே, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போகவேண்டியவை. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு 'இல்லை' என்று தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள்.

அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கைக்கு வருகிறேன். அக்காவின் பயம் பாதி கேனிலிருந்து வந்தது, மீதிப் பாதி அந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை, 33 ஆய்வுகளிலிருந்து ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. நாற்பது வயதில் 68 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் நாற்பது வயதில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்காதீர்கள். கழுத்துக்கும் இதே கதைதான். ஜப்பானில் கழுத்துக் கோளாறு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. உங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால், காலையில் பூக்கூடையைத் தலையில் சுமந்து போகும் அம்மாவின் அறிக்கையும் அக்காவின் அறிக்கையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கக்கூடும்.

இதற்காக அக்காவின் டிஸ்க்குக்கும் அன்று வந்த வலிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. இருந்திருக்கலாம். ஆனால் பிதுங்கிய டிஸ்க் அப்படியே நிற்பதில்லை. வெளியே தள்ளிய பகுதியை உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே மெல்ல மெல்ல அரித்துக் கரைத்துவிடுவது உண்டு, அதிலும் பெரிதாக வெளியே வந்தவைதான் அதிகம் சுருங்குகின்றன. ஒன்றரை ஆண்டுக்கு முன் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இன்றைய முதுகைப் பற்றிப் பயப்படுவது, பழைய வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு இன்று குடை எடுப்பதைப் போன்றது.

நம் ஊர்ச் சொற்களும் இதில் பெரிய பாவம் செய்திருக்கின்றன. 'ஜவ்வு விலகிவிட்டது' என்கிறோம். கேட்டவர் மனத்தில் அடுக்கி வைத்த தட்டுகளில் ஒன்று நழுவி நிற்கும் காட்சி வருகிறது. டிஸ்க் அப்படி நழுவக்கூடிய பொருளே இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு அது ஒட்டி வளர்ந்தது. சுற்றிலும் வளையம் வளையமாக நாரும் நடுவில் கூழும் உள்ள அந்தத் திண்டைப் பிணத்திலிருந்து பிரித்தெடுக்கவே கத்தி வேண்டும். 'தேய்மானம்' என்பது இன்னும் மோசம். வண்டி டயர் தேய்ந்தால் ஓட்டத்தைக் குறைப்போம், செருப்பு தேய்ந்தால் பத்திரமாக மிதிப்போம். அதே கணக்கை உடம்புக்குப் போடுகிறார்கள். டயருக்கு உயிர் இல்லை. எலும்புக்கும் தசைக்கும் நாருக்கும் இருக்கிறது. வேலை கொடுத்தால் அவை உறுதியாகின்றன, கொடுக்காவிட்டால் மெலிகின்றன. முதுகுத்தண்டை ஒட்டி உள்ள சிறு தசைகள், அசைக்காமல் காத்துவந்தால் சுருங்கிப் போகின்றன. அப்படியென்றால் ஒன்றரை ஆண்டாக அக்கா முதுகைக் 'காப்பாற்றி' வந்ததில் அது பலவீனமாகியிருக்கிறது என்றுதானே பொருள்? ஆம். அதற்கு அவர்மீது தவறில்லை. சொன்னதைச் செய்தார்.

சொன்னவர்கள் நாங்கள்தான். நானும் தொழிலுக்கு வந்த முதல் ஆறேழு ஆண்டுகள் நோயாளி எழுந்து போகும்போது கடைசி வார்த்தையாக 'குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க' என்று சொல்லி அனுப்பியவன்தான். அக்கறையோடுதான் சொன்னேன். முதல் இரண்டு வாரத்துக்குப் பொருந்தக்கூடிய அந்த வார்த்தைக்கு முடிவுத் தேதி சொல்லாமல் விட்டேன். பிறகு ஒருநாள் ஓர் அம்மா ஆறு ஆண்டு கழித்து வேறு வலிக்காக வந்தார். 'நீங்க சொன்ன நாளிலிருந்து நான் குனிந்ததே இல்லை சார்' என்று பெருமையோடு சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, கினிசியோஃபோபியா. அசைந்தால் காயம் பட்டுவிடும், பட்ட காயம் பெரிதாகிவிடும் என்ற அச்சத்தால் அசைவையே ஒதுக்குவது. 1990இல் கோரி, மில்லர், டாட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார்கள். இதை அளக்க 17 வாக்கியங்கள் கொண்ட டாம்பா அளவுகோல் என்ற வினாத்தாளும் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண், குறைந்தது 17, அதிகபட்சம் 68. 37க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்தின் யோஹான் விளாயன், சுவீடனின் ஸ்டீவன் லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000இல் இந்தச் சுழலைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். வலி வருகிறது. ஒருவர் 'பிடிப்பு, போய்விடும்' என்று நினைத்து வேலையைப் பார்க்கிறார், தேறுகிறார். இன்னொருவர் 'ஏதோ முறிந்துவிட்டது' என்று நினைக்கிறார். பயம் வருகிறது. அசைவை ஒதுக்குகிறார். உடம்பை எந்நேரமும் வேவு பார்க்கிறார். பலம் குறைகிறது, மனம் சோர்கிறது, சிறு உளைச்சலும் பெரிய வலியாகத் தெரிகிறது. அது முதல் எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. பெல்ஜியத்தில் கீர்ட் குரோம்பெஸும் அவருடன் இருந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே, வலியைவிட வலியைப் பற்றிய பயம்தான் மனிதரை அதிகம் முடக்குகிறது என்பதுதான்.

ஏட்டில் உள்ளது இது. கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

அக்கா வயதையொத்த ஒரு தையல் ஆசிரியை வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது என் மேசையிலிருந்து அளவு டேப் கீழே விழுந்தது. எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். முகம் மாறியது. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தார். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். முதுகைப் பலகைபோல் வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி, தலையை நிமிர்த்தி, பார்க்காமலே தரையைத் துழாவி எடுத்தார். நிமிர்ந்தபோது மேலுதட்டில் வியர்வை. வலித்ததா என்றேன். 'கொஞ்சம். ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.' குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது: 'நரம்பு நசுங்கி கால் வராமல் போய்விடும் சார்.'

அவரை மறுபடி வாசல் பெஞ்சுக்கு அழைத்துப் போய், செருப்பைப் போட்டு வாரை மாட்டச் சொன்னேன். பக்கவாட்டிலிருந்து அவருடைய கைபேசியிலேயே படம் பிடித்தேன். முதுகு வில்லாக வளைந்திருந்தது, மார்பு தொடையைத் தொட்டது. அந்த வளைவு, நின்றுகொண்டு தரையிலிருந்து பொருள் எடுக்கும் வளைவுக்கு அதிகம் குறைந்ததில்லை. மூன்று முறை அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். 'அப்படியானால் நான் தினமும் குனிந்துகொண்டுதான் இருக்கிறேனா?' என்றார். அவரிடம் அரை மணி நேரம் நான் பேசியிருந்தாலும் அந்தப் பதினைந்து நொடிப் படம் செய்ததைச் செய்திருக்க முடியாது.

நரம்பு நசுங்குவதைப் பற்றி ஒரு விவரம். தண்டுவடம் என்ற முக்கியமான வடம் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அக்காவுக்குச் சொல்லப்பட்ட எல்4–எல்5 அதற்கும் கீழே. அங்கே குதிரைவால்போல் நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. அவை குனியும்போது வழுக்கி நகரக்கூடியவை. அங்கே நரம்பு இறுக்கப்பட்டால் கால் வலி, மரத்தல் வரலாம், மிக அரிதாக நான் மேலே சொன்ன அவசர அறிகுறிகள் வரலாம். ஆனால் ஒரு தேக்கரண்டியை எடுக்கக் குனிந்ததில் வடம் அறுந்து கால் போய்விடும் என்று நினைப்பதற்கு உடற்கூறில் இடமே இல்லை.

அந்த ஆசிரியையின் மூச்சு நின்றதைக் கவனித்தீர்களா? வலி தொடர்ந்து இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நலமாக உள்ள ஒருவர் முழுதாகக் குனிந்து கைகளைத் தொங்கவிட்டால், முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கின்றன. தசையின் மின்னோட்டத்தை அளந்து 1950களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாள்பட்ட முதுகுவலியும் பயமும் உள்ளவர்களில் பலருக்கு அந்த ஓய்வு வருவதில்லை. குனிந்த நிலையிலும் தசைகள் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. நாள் முழுக்கக் கையை முஷ்டியாக மடக்கி வைத்திருந்தால் மாலையில் என்ன ஆகும்? அக்கா 'தினமும் கொஞ்சம் வலி' என்கிறாரே, அதில் ஒரு நல்ல பங்கு இந்த முஷ்டி வலியாக இருக்கலாம்.

கழுத்துக்கும் வருகிறேன். பயந்த கழுத்தை நான் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவேன். தோள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்திருக்கும். ஒருவர் கூப்பிட்டால் தோளும் இடுப்பும் பாதமும் சேர்ந்து திரும்பும், தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்திருப்பவர்போல. இரு சக்கர வாகனம் ஓட்டுகிறவராக இருந்தால் பின்னால் பார்க்காமலே சாலை கடப்பார். உண்மையில் ஆபத்து அங்கேதான். இவர்கள் அதிகம் பயப்படுவது சத்தத்தைக் கண்டு. கழுத்தைத் திருப்பும்போது 'கறகற' என்கிறது, எலும்பு உரசுகிறது என்பார்கள். விரலைச் சொடுக்கினால் வருவதும் சத்தம்தான், யாரும் விரல் முறிந்தது என்று ஸ்கேன் எடுக்கப் போவதில்லை. வலியில்லாமல் வரும் சத்தத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம். தலையணையே வைக்கக்கூடாது என்ற நம்பிக்கையும் நம்மிடம் பலமாக இருக்கிறது. எது வசதியோ அதை வைத்துத் தூங்கட்டும். கழுத்துப் பட்டையை ஒன்றரை ஆண்டு கழித்தும் அவ்வப்போது மாட்டிக்கொண்டிருந்தால், அதைப் படிப்படியாக விடுவதுதான் சிகிச்சை.

படுத்தே கிடந்தால் முதுகு சரியாகும் என்று உலகம் முழுக்கவே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவர் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, மற்றதற்கு ஏழு நாள் படுக்கை என்று எழுதிக்கொடுத்தார். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு, மற்றபடி தேறியதில் வித்தியாசம் இல்லை. 1995இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் இன்னொரு படி மேலே போனார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினரிடம் வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர்தான் சீக்கிரம் தேறினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997 முதல் இதைத் தொலைக்காட்சி விளம்பரமாகவே போட்டது. முதுகுவலி வந்தால் படுத்துவிடாதே, நடமாடு என்று மருத்துவர்களும் பிரபலங்களும் மாலை நேரத்தில் வந்து சொன்னார்கள். மக்களின் நம்பிக்கை மாறியது, மருத்துவர்களின் நம்பிக்கையும் மாறியது, முதுகுவலிக்காக இழப்பீடு கேட்போர் எண்ணிக்கை குறைந்தது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அந்த மாற்றம் இல்லை. முதுகைப் பற்றி ஊர் என்ன நம்புகிறதோ அதற்கேற்றபடிதான் முதுகும் நடந்துகொள்கிறது என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. தமிழில் அப்படி ஒரு விளம்பரம் வரவேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன்.

சரி, அக்காவை எப்படிக் குனியவைப்பது? 'ஒன்றும் ஆகாது, சும்மா குனி' என்று சொல்லி அல்ல. அதை அவர் நூறு முறை கேட்டிருப்பார். நீச்சல் தெரியாதவரிடம் கிணறு ஆழமில்லை என்று சொல்வதால் பயம் போவதில்லை, படியில் உட்கார்ந்து காலை நனைத்தால்தான் போகும். விளாயன் குழுவினர் செய்ததும் இதைத்தான். அன்றாட வேலைகளின் புகைப்படங்களை நோயாளியிடம் கொடுத்து, எது எவ்வளவு ஆபத்தானது என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு வெப்பமானிப் படத்தில் அடுக்கச் சொன்னார்கள். பிறகு கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் செய்துபார்க்க வைத்தார்கள்.

புகைப்படம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அக்காவே எழுதட்டும், நீங்கள் எழுதித் தராதீர்கள். அவர் தவிர்க்கும் வேலைகள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பய எண் போடட்டும். இருக்கையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்ப்பது 20 ஆக இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுப்பது 35. நின்றபடி எடுப்பது 60. வாளியில் துணி பிழிவது 65. தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டு எழுவது 70. வேகத்தடை உள்ள சாலையில் பஸ்ஸின் கடைசி இருக்கை 80. வாசலில் கோலம் 85. உங்கள் குழந்தை 90. தண்ணீர் கேன் 100. எண்கள் இவையாகத்தான் இருக்கும் என்றில்லை. ஒருவருக்குக் கோலம் 30ஆக இருக்கும், பஸ் 100ஆக இருக்கும்.

தொடங்குவது 30, 40 அளவில் உள்ள ஒன்றில். செய்வதற்கு முன் நோட்டில் ஒரு வரி எழுதவேண்டும்: 'இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறேன்?' மழுப்பலாக எழுதக்கூடாது. 'வலிக்கும்' என்று எழுதினால் போதாது. 'இடுப்பு பிடித்துக்கொண்டு நாளை எழ முடியாது' என்று, நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய விதத்தில் எழுதவேண்டும். பிறகு செய்யவேண்டும். நான்கைந்து முறை. மறுநாள் காலை, எழுதியது நடந்ததா என்று பக்கத்தில் எழுதவேண்டும். இந்த இரண்டாவது வரிதான் மருந்து. அக்காவின் மூளை ஒன்றரை ஆண்டாக ஒரே கணிப்பைச் சொல்லி வருகிறது, அது பலித்ததா என்று பார்க்க ஒருமுறைகூட வாய்ப்பே கொடுக்கவில்லை. குனியாததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

செய்யும்போது கள்ளத்தனமாக உள்ளே நுழையும் காவல்களைக் கவனியுங்கள். மூச்சை நிறுத்துவது, சுவரைப் பிடிப்பது, வயிற்றை இறுக்குவது, பெல்ட், 'நீ பக்கத்திலேயே நில்' என்று உங்களைக் கூப்பிடுவது. இவற்றோடு குனிந்தால், பெல்ட் இருந்ததால் தப்பித்தேன் என்றுதான் மனம் எழுதிக்கொள்ளும். எனவே மூச்சை வெளியே விட்டபடி, முதுகு தாராளமாக வளைய, தலை தொங்கக் குனியவேண்டும். கோழி தீவனம் பொறுக்குவதுபோல் சாதாரணமாக. முதல் வாரத்தில் இது கேலிக்கூத்தாகத் தோன்றும் அளவுக்கு எளிதான வேலையாக இருக்கட்டும்.

வலிக்குமா? வலிக்கலாம். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த கதவு திறக்கும்போது கிரீச்சிடும். நான் சொல்லும் கணக்கு இது: செய்யும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அதே படியில் தொடரலாம். இறங்கவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்கவேண்டும், நிறுத்தக்கூடாது. காலில் மரத்துப்போவது புதிதாக வந்தாலோ, பலம் குறைந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டிய பிறகு தொடருங்கள். இன்னொன்று, நன்றாக இருக்கும் நாளில் வீட்டையே துடைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுபவர்கள் உண்டு. அவர்கள் பட்டியலில் அடுத்த படிக்கு ஏறுவதே இல்லை. நல்ல நாளிலும் நோட்டில் உள்ளது மட்டுமே.

எடைக்கு அரிசிதான் என் அளவுகோல். ஒரு கிலோ அரிசியைப் பையில் கட்டி ஸ்டூல் மேலிருந்து எடுத்து வைப்பது. பிறகு இரண்டு கிலோ. பிறகு அதையே தரையிலிருந்து. மாதத்துக்குள் ஐந்து கிலோ. எட்டு மாதக் குழந்தை ஏறக்குறைய எட்டு கிலோ இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் அரிசி நெளியாது. அதனால் எட்டு கிலோ பை கைக்கு வந்த பிறகு, முதலில் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருக்க நீங்கள் குழந்தையை மடியில் கொடுங்கள். பிறகு கட்டிலிலிருந்து அவரே எடுக்கட்டும். தரையிலிருந்து எடுப்பது கடைசி. முழங்காலை மடக்கித்தான் தூக்கவேண்டும், முதுகு நேராகவே இருக்கவேண்டும் என்ற பழைய விதியைச் சிறு எடைகளுக்குப் போட்டு அவரை மிரட்டாதீர்கள். முதுகை வளைத்துத் தூக்குவதால்தான் முதுகுவலி வருகிறது என்பதற்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாற்று நடும் பெண்கள் வளைக்காத முதுகா?

இப்போது வீட்டில் உள்ள மற்றவர்கள். அன்பால் செய்யும் காரியங்களே இங்கே பயத்துக்குத் தீனி. 'பார்த்துக் குனி', 'நீ விடு, நான் எடுக்கிறேன்', 'இன்றைக்கு எப்படி இருக்கிறது வலி?' இந்த மூன்றையும் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கேட்பது 'நீ உடைந்த பொருள்' என்பதுதான். நாளையிலிருந்து அவர் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தால் ஓடிப்போய் எடுக்காதீர்கள். முறைக்காமல், அறிவுரை சொல்லாமல், வேறு பேச்சைப் பேசிக்கொண்டிருங்கள். இதை முதலிலேயே அவரோடு பேசி, சம்மதம் வாங்கிச் செய்யவேண்டும், இல்லையென்றால் கைவிட்டார்கள் என்று ஆகிவிடும். மாமாவுக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்வது உங்கள் பொறுப்பு. வலியைப் பற்றி விசாரிப்பதற்குப் பதில் 'நோட்டில் இன்று என்ன எழுதினாய்?' என்று கேளுங்கள்.

பெல்ட்டை ஒரே நாளில் பிடுங்கவேண்டாம். வீட்டுக்குள் முதலில் ஒரு மணி நேரம் கழற்றட்டும், பிறகு அரை நாள், பிறகு கடைத்தெரு வரை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டும் டிராக்ஷனும் (முதுகை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை) பெரும்பாலானோருக்குப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்கிறது. நம் ஊரில் பத்து நாள் டிராக்ஷனுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பணம் போவதுகூடப் பெரிதில்லை. தன் முதுகு இழுத்துச் சரிசெய்யவேண்டிய ஒரு பொருள் என்ற எண்ணத்தோடு அவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

ஒரு கட்டத்தில் வலி திரும்ப வரும். இதை இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் நன்றாகப் போய், ஒரு காலை எழும்போது இடுப்பு பிடித்திருக்கும். தூக்கம் கெட்ட வாரத்திலோ, வீட்டில் ஏதேனும் கவலை நடக்கும்போதோ இது அதிகம் நேரும். அன்று அக்கா நோட்டை மூலையில் எறிந்துவிட்டுப் பெல்ட்டைத் தேடுவார். முதுகில் புதிதாக எதுவும் உடைந்ததால் வந்ததாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு படி இறங்கி, அங்கே இரண்டு மூன்று நாள் நின்று, மறுபடி ஏறவேண்டும். அந்த நாளில் நடைப்பயிற்சியை மட்டும் விடவேண்டாம், பத்து நிமிடமாவது தெருவில் நடக்கட்டும்.

நோட்டின் முதல் படியிலேயே உடம்பு நடுங்குகிறது, இரவில் தூங்கமுடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகிறார் என்றால் தனியாகச் செய்யவேண்டாம். மனநல ஆலோசகரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பார்ப்பது நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். முதல் நாளே படுக்கவைத்து இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போகிறாரா, அல்லது 'எதைச் செய்யப் பயப்படுகிறீர்கள்?' என்று கேட்டு, அதைத் தன் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டாமவரிடம் போங்கள்.

இன்று மாலை செய்ய ஒன்று. அக்கா செருப்பையோ கொலுசையோ மாட்டும்போது, அவருக்குச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள். எதுவும் விளக்காமல் கைபேசியை அவர் கையில் கொடுங்கள். அவராக ஏதாவது கேட்டால் நோட்டை எடுத்து வாருங்கள்.